வாசலில் நின்ற கம்பிங்கார்

பாரிசில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லாச்சப்பலில் வாய் திறந்து எதையும் சொல்லக்கூடாது. முப்பத்தொரு வருடமாகப் பாரிசில் இருக்கும் எனக்கு இது தெரியாதா என்று கேட்டால், தெரியும். தெரிந்தும் சொன்னேன். ஒரு வியாழக்கிழமை பின்னேரம் மிக்சர், தேயிலை, சம்பல் போத்தல், விசுக்கோத்து எல்லாவற்றையும் கூடையில் குவித்துக்கொண்டு பலசரக்குக் கடை வரிசையில் நின்றேன். கல்லாவில் இருந்த தம்பி சும்மா இருக்காமல், "என்னண்ணை, கடையையே தூக்கிக்கொண்டு போறியள்?" என்று கேட்டார். எனக்கு இடுப்பை நிமிர்த்திக்கொண்டு பதில் சொல்லவேண்டும் போல இருந்தது.

"கம்பிங்கார் வாங்கியிருக்கிறன் தம்பி. மனிசியும் நானும் நாயும் போறம். ஜேர்மனி, சுவிஸ், இத்தாலி. ஆறு கிழமை. ஆறுதலா ஓடிப்போய் இத்தாலியின்ரை அடியைப் பாத்துட்டு வருவம்."

எனக்குப் பின்னால் நின்ற மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். அப்போதே நான் நாக்கைக் கடித்திருக்கவேண்டும். கடைத்தெருவைத் தாண்டி கார் து நோர் நிலையத்துக்கு நடந்து, ரயில் பிடித்து, வீடு இருக்கும் பியர்ஃபித்தில் இறங்குவதற்கு முன்பே தொலைபேசி அடித்தது. இத்தாலியில் இருந்து என் அக்கா. "தம்பி, வாறியாம். எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்றா. எங்கள் சனத்தின் வேகத்துக்கு ஈடாக ரயில் விட இந்த நாட்டில் இன்னும் ஆளில்லை.

கம்பிங்கார் என்பது சக்கரம் பூட்டிய சின்ன வீடு. ஒரு கட்டில், இரண்டு அடுப்பு, ஒரு தண்ணீர்த்தொட்டி, அலுமாரி அளவில் ஒரு கழிப்பறை. ஆர்ஜொந்தெய்யில் ஒரு வயதான பிரெஞ்சுத் தம்பதியிடம் வாங்கினேன். திறப்பைத் தரும்போது அந்த மனுசன் கண்ணைத் துடைத்தார். நான் என்ஜினில் ஏதோ கோளாறு, அதுதான் அழுகிறார் என்று பயந்துவிட்டேன். என் மனைவி மட்டும் உள்ளே ஏறி, கட்டிலில் உட்கார்ந்து பார்த்து, திரைச்சீலையை இழுத்துப் பார்த்து, "வடிவாக் கிடக்கு" என்றாள். அவள் எதையும் லேசில் வடிவு என்று சொல்பவள் அல்ல.

நாய் எங்களுடையது அல்ல. மகளுடையது. வேலை மாறி லியோனுக்குப் போனபோது இரண்டு கிழமைக்கு என்று விட்டுவிட்டுப் போனாள். அது ஆகிவிட்டது மூன்று வருடம். கட்டைக் கால், நீண்ட உடம்பு, தரையில் தேயும் வயிறு. மகள் அதோடு பிரெஞ்சு பேசுவாள், மனைவி தமிழ் பேசுவாள், அது இரண்டையும் விளங்கிக்கொண்டு இரண்டுக்கும் கீழ்ப்படியாது. பயணத்துக்கு நாய்க்கும் பாஸ்போர்ட் வேண்டும் என்றார்கள். மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். ஒரு ஊசி போட்டு, அரை மணித்தியாலத்தில் நீல அட்டைப் புத்தகம் ஒன்றைக் கையில் தந்துவிட்டார். எனக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட் கிடைக்கப் பதினொரு வருடம். அன்று முழுக்க நான் நாயோடு பேசவில்லை.

இந்தப் பயணத்துக்கு மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கும் போகக்கூடாது. தெரிந்தவர், ஊரவர், ஒன்றாகப் படித்தவர், ஒருவரும் இல்லை.

இதற்குக் காரணம் சொல்லவேண்டும். எங்கள் ஆட்களுக்கு விடுமுறை என்றால் சொந்தக்காரர் வீடு. லண்டனுக்குப் போனால் மச்சான் வீடு, சூரிச்சுக்குப் போனால் சித்தப்பா மகன் வீடு. போய் இறங்கினதும் ஆம்பிளைகள் ஹோலில் இருந்து கதைத்துவிட்டு ஊர் பார்க்கப் போவோம், பெண்கள் குசினிக்குள் சமைக்கப் போவார்கள். திரும்பி வரும்வரை அவர்களை அங்கேதான் காணலாம். எந்த ஊரில் எந்தக் கோபுரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவளுக்கு எந்த வீட்டில் எந்தத் தட்டில் மஞ்சள் தூள் இருக்கிறது என்று தெரியும்.

"ஐரோப்பாவிலை நான் வெங்காயம் உரிக்காத நாடில்லை," என்றாள். "கடலிலை கால் வைச்ச நாடு ஒண்டுமில்லை. இந்த முறை ஒரு குசினிக்குள்ளையும் நான் நிக்கமாட்டன். ஒரு வீட்டிலை என்னை நிக்க வைச்சாலும், அங்கையிருந்தே ட்ரெயின் பிடிச்சு வீட்டுக்கு வந்துடுவன். நீங்கள் தனியப் போய் அடியைப் பாருங்கோ."

சொன்னால் செய்வாள். எனக்கு அது தெரியும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். நான் இருபத்தாறு வருடம் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரன். நாளுக்கு ஒரு மூட்டை வெங்காயம் என் கையால் போகும். ஆனால் வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ கத்தியைத் தொடமாட்டேன். வேலையை வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது என்பது என் கொள்கை. அவள் வெள்ளாப்பில் எழும்பி அலுவலகங்களைத் துப்புரவாக்கிவிட்டு வந்து, பிறகு வீட்டையும் துப்புரவாக்கினாள். அவளுக்குக் கொள்கை ஒன்றும் இருக்கவில்லை. அவள் வேலைக்குப் போகும்போது நான் தூங்குவேன், நான் வேலையால் வரும்போது அவள் தூங்குவாள். இப்படியே இருபத்தாறு வருடம். இப்போது இரண்டு பேருக்கும் ரெத்ரெத், அதாவது ஓய்வூதியம். பகலில் ஒருவரை ஒருவர் பார்த்துப் பழகவே எங்களுக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. இந்தப் பயணத்தை அவள் நடுவழியில் விட்டுவிட்டுப் போனால், மறுபடி எப்போது என்னோடு ஓர் இடத்துக்கு வருவாள் என்று எனக்குத் தெரியாது. அதனால் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

செய்துவிட்டு லாச்சப்பலுக்குப் போனேன்.

"அண்ணை, சின்னப் பார்சல் ஒண்டு, ஸ்டுட்கார்ட்டுக்கு." "அண்ணை, கலியாணக் காட் தபாலிலை போட்டால் மரியாதை இல்லை, கையிலை குடுத்தால்தான்." "அண்ணை, சுவிசிலை இருக்கிற தங்கச்சிக்கு ஊரிலையிருந்து வந்த கருவாடு. அவள் பிள்ளைத்தாச்சி. உங்களுக்குப் போற வழிதானே." எனக்கு இல்லை என்று சொல்ல வராது. பிறவிக் குணம். வாயில் "இ" வரைக்கும் வரும், பிறகு "இதிலை என்ன கிடக்கு" என்று முடிந்துவிடும். முறுக்கு டின் ஒன்று, கலியாணக் காட் நாலு, ஒரு கிலோ பாரைக் கருவாடு. கருவாட்டை ஏழு பொலித்தீன் பைக்குள் சுற்றி, எல்லாவற்றையும் கம்பிங்காரின் இருக்கைக்குக் கீழே, நாயின் சாப்பாட்டு மூட்டைக்குப் பின்னால் ஒளித்தேன். அக்காவிடமும் "ஓம் அக்கா, வாறம்" என்று சொல்லிவிட்டேன். அக்கா கேட்டு நான் மாட்டேன் என்று சொன்ன நாள் இந்த உலகத்தில் இல்லை. அம்மா போனபிறகு என்னைக் குளிக்க வார்த்து, தலை இழுத்து, பள்ளிக்கு அனுப்பி வளர்த்தவ.

ஒரு திங்கட்கிழமை புறப்பட்டோம். நாளுக்கு இருநூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடுவதில்லை என்று முடிவு. பார ஊர்திகள் எல்லாம் எங்களைக் கடந்து போயின. ஒரு உழவு இயந்திரம்கூடக் கடந்துபோனது, ஆனால் அது மேட்டில். அவள் பக்கத்தில் இருந்து கண்ட மாடுகளை எல்லாம் நாய்க்குக் காட்டிக்கொண்டு வந்தாள். அடுப்பில் தேத்தண்ணியைத் தவிர ஒன்றும் வைப்பதில்லை. பாணும் சம்பலும், வழியில் வாங்கிய வெண்ணெய்க்கட்டியும், தக்காளியும். மத்தியானத்தில் ஒரு ஆற்றங்கரையைக் கண்டு நிறுத்தினால் பின்னேரம் வரை அங்கேதான். இரண்டாம் நாள் அவள் என்னைப் பார்த்து, "உங்களுக்கு இந்தக் காதுக்குப் பின்னாலை மச்சம் இருக்கிறது எனக்குத் தெரியாது," என்றாள். கலியாணம் முடித்து இருபத்தெட்டு வருடம். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

நாய் மட்டும் ஊர் பார்க்கவில்லை. புறப்பட்டதில் இருந்து அது இருக்கைக்கு முன்னால் படுத்து, அதன் கீழ்ப்பெட்டியின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் ஓடிப்போய் விழுங்கிவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் படுத்தது. "இதுக்குப் பயணம் ஒத்துவரேல்லைப் போல," என்று மனைவி கவலைப்பட்டாள். நான் மேகங்களைப் பார்த்தேன். ஏழு பை சுற்றினால் மனிதருக்கு மணக்காது. நாய்க்கு எழுபது சுற்றவேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஸ்ட்ராஸ்பூர்க் பக்கம் ஒரு கூடார முகாமில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு நின்றேன். அதுவரை நாய்க்குச் சாப்பாடு எடுத்தது நான்தான்; அன்று அவள் உள்ளே இருக்கையைத் திறந்திருக்கிறாள். நாய் அவளைத் தாண்டிப் பாய்ந்த சத்தமும் பை கிழிந்த சத்தமும் கேட்டன. நான் குழாயை மூடாமலேயே ஓடினேன்.

கருவாடு தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. நாய் கண்ணை மூடிக்கொண்டு மென்றது. அவள் கட்டிலில் இருந்து, கலியாணக் காட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, விலாசத்தை உரத்து வாசித்தாள். நான் பரீட்சையில் தோற்ற பிள்ளையாக வாசலில் நின்றேன்.

"இவ்வளவுதானோ?" என்றாள்.

"அக்காவும்," என்றேன்.

"அக்கா பார்சல் தந்தவவோ?"

"இல்லை. அக்காவிட்டைப் போறம் எண்டு..."

அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. தொலைபேசியை எடுத்து ரயில் நேரம் பார்த்தாள். "ஸ்ட்ராஸ்பூர்க்கிலையிருந்து பாரிசுக்கு ரெண்டு மணித்தியாலமும் இல்லை. என்னை ஸ்டேசனிலை இறக்கி விடுங்கோ. நாயும் என்னோடை வரும்."

நான் அழாக்குறையாகக் கெஞ்சினேன். எல்லாவற்றையும் வாசலோடு கொடுத்துவிட்டுத் திரும்புவேன், செருப்பைக்கூடக் கழற்றமாட்டேன் என்றேன். "நீங்களோ?" என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கடைசியில் தலையாட்டினாள். "சரி. ஆனால் சொன்னது சொன்னதுதான். எந்த வீட்டிலை நான் குசினிக்குள்ளை கால் வைக்கிறனோ, அந்த ஊரிலை ட்ரெயின்." தொலைபேசியைக் கைப்பைக்குள் போட்டு, பையைக் கதவுக்குப் பக்கத்துக் கொளுக்கியில் மாட்டினாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரயில் ஞாபகம்தான்.

ஸ்டுட்கார்ட்டில் முறுக்கு டின்னுக்கு உரியவன் என் பழைய அறை நண்பன். லாச்சப்பலில் ஒரே அறையில் ஆறு பேர் இருந்த காலத்தவன். கம்பிங்காரை அவன் வீட்டு வாசலில் நிறுத்தி, டின்னோடு படியேறினேன். அவன் கட்டிப்பிடித்தான். "எங்கை மனிசி?" என்றான். பின்னால் அவன் மனைவியும் எட்டிப்பார்த்து, "அக்காவை உள்ளுக்கு வரச்சொல்லுங்கோ, கறி ரெண்டு வைக்கக் கிடக்கு, கதைச்சுக் கதைச்சு வைப்பம்," என்றா.

நான் டின்னை அவன் கையில் திணித்தேன். அந்த நேரம் கம்பிங்காருக்குள் இருந்து நாய் குரைத்தது. அன்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்குள் சாமிப்படத்துக்கு முன் விளக்கு எரிந்தது.

"நாய் நிக்குது," என்றேன். "தனிய விட்டால் கத்தும்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சுவாமி அறை உள்ள வீட்டுக்குள் வெள்ளிக்கிழமை நாயைக் கூப்பிட ஒருவருக்கும் வாய் வராது. "அப்ப அக்கா அதோடை நிக்கத்தான் வேணும்," என்று அவவே சொன்னா. நான் மூன்று வருடத்தில் முதல் முறையாக அந்த நாயை மனதுக்குள் கொஞ்சினேன்.

நண்பனும் நானும் உள்ளே இருந்து பழங்கதை பேசினோம். அவன் மனைவி ஒரு தட்டில் தேத்தண்ணியும் முறுக்கும் வைத்து எடுத்துக்கொண்டு வெளியே போனா. போனவ வரவில்லை. அரை மணித்தியாலம் ஆயிற்று, ஒன்று ஆயிற்று. பசி எடுத்தது. நண்பன் சாளரத்தால் எட்டிப்பார்த்தான். "டேய், ரெண்டு பேரும் மடக்குக் கதிரையிலை காலை நீட்டி இருக்கினம்," என்றான். பிறகு இன்னொரு தரம் பார்த்துவிட்டு, "இப்ப சிரிக்கினம்," என்றான். அவனுக்கு அதுதான் கூடக் கவலையாக இருந்தது. கடைசியில் நாங்கள் கடையில் மரக்கறி பீட்சா சொல்லிச் சாப்பிட்டோம். விடைபெறும்போது என் காதுக்குள், "இந்த வாகனத்தை இந்தப் பக்கம் இனிக் கொண்டு வராதை," என்றான்.

சுவிசில் பேர்ண் நகரில் கருவாட்டு வீடு. ஒரு கிலோவில் கால் கிலோ மிஞ்சியிருந்தது. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கருவாட்டுக்காகக் காத்திருந்த பிள்ளைத்தாச்சிப் பெண், தின்றவரை நேரில் பார்க்கவேண்டும் என்று வெளியே வந்து, நாயைக் கண்டு சிரித்து, மனைவியின் கட்டிலில் ஏறிக் கால் நீட்டிப் படுத்துக்கொண்டாள். அவளுடைய மாமியார் தேடிக்கொண்டு வந்தவ, அவவும் ஏறிவிட்டா. உள்ளே நானும் அந்தப் பெண்ணின் கணவனும். அவன் சோற்றைக் குழையவிட்டான், பருப்பை அடிப்பிடிக்கவிட்டான். என் கை துருதுருத்தது. இருபத்தாறு வருடம் அடுப்பில் நின்றவனுக்கு அடிப்பிடிக்கும் மணம் மூக்கில் ஏறாமல் இருக்குமா? ஆனால் நான் எழும்பவில்லை. விருந்தாளி எழும்பக்கூடாது என்று சோபாவில் அசையாமல் இருந்தேன். அதை நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

கலியாணக் காட் நாலையும் வழிவழியே வாசலில் நின்றபடியே கொடுத்து முடித்தேன். அதற்குப் பிறகு மலைகள். சுரங்கப்பாதைகள். இத்தாலிப் பக்கம் வெயில். கைப்பை கொளுக்கியில் ஆடிக்கொண்டே வந்தது. அவள் சந்தோசமாக இருந்தாள், பாட்டுக்கூட முணுமுணுத்தாள். ஆனால் அக்காவைப் பற்றி நான் ஒரு சொல் எடுத்தாலும் பாட்டு நின்றுவிடும். ஜெனோவாவை நெருங்கும்போது ஒரு சுரங்கத்தால் வெளியே வந்தோம். கீழே, வீடுகளுக்கு நடுவில், நீலமாக ஒரு கீற்று. அவள் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டாள்.

"கடல்," என்று எனக்குச் சொன்னாளா நாய்க்குச் சொன்னாளா தெரியவில்லை.

"அக்கா வீட்டிலை ஒரு அரை மணித்தியாலம். பிறகு நேரா அங்கைதான்," என்றேன்.

"பாப்பம்," என்றாள்.

அக்கா இருக்கும் ஊர் ஜெனோவாவைத் தாண்டிக் கடலோரமாக ஒரு சின்ன இடம். வீட்டுக்கு எதிரே ரயில் நிலையம், அதற்கு அந்தப் பக்கம் கடல். இந்த நிலையம் எனக்குப் பிடிக்கவே இல்லை. வாசலில் பத்துச் சோடி செருப்பு கிடந்தது. தம்பி வருகிறான் என்று சுற்றுவட்டாரத்தில் தனியே இருக்கும் எங்கள் ஆம்பிளைகள் பதினெட்டுப் பேரை அக்கா மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்தா. இன்னும் சமையல் தொடங்கவில்லை. பாரிசில் இருந்து தம்பி பெண்சாதி வருகிறாளே என்ற துணிவு.

மனைவி வழக்கம்போல மடக்குக் கதிரையை விரித்து, நாயைக் காலடியில் கட்டி, அமர்ந்துவிட்டாள். அக்கா படியிறங்கி வந்து என் கன்னத்தைத் தடவினா. நான் மனப்பாடம் செய்த வசனத்தைச் சொன்னேன். "அக்கா, நாய் தனிய நிக்காது."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்," என்றா அக்கா. "ஸ்டுட்கார்ட்டிலை நடந்ததும் தெரியும், சுவிசிலை நடந்ததும் தெரியும். பக்கத்து வீட்டு இத்தாலிக்கார மனிசியிட்டைச் சொல்லி வைச்சிருக்கிறன். அவ நாயைப் பாப்பா. பிள்ளை, நீ எழும்பி உள்ளுக்கு வா. ஆறு கிலோ வெங்காயம் உரிக்கக் கிடக்கு."

பக்கத்து வீட்டு அம்மாவும் சிரித்துக்கொண்டு கையை நீட்டியபடி வந்துகொண்டிருந்தா. நாய், துரோகி, அவவைக் கண்டு வாலை ஆட்டியது.

மனைவி அக்காவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். எதிரே நிலையத்தில் ஏதோ ஒரு ரயில் வருவதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவள் மெல்லக் கதிரையின் கைபிடியில் கையை ஊன்றினாள். எழும்பி எந்தப் பக்கம் போவாள் என்று எனக்கு விளங்கியது.

என் வாழ்க்கையில் அக்காவுக்கு எதிராக வாய் திறந்தது அந்த ஒரு முறைதான். குரல் எனக்கே சின்னப்பிள்ளைக் குரலாகக் கேட்டது.

"அக்கா, அவ வரமாட்டா. வெங்காயம் நான் உரிக்கிறன்."

"உனக்கென்ன விசரோ?" என்றா அக்கா. "சனம் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும். சமையல் எனக்குத் தெரியும். அதுதானே என்ரை தொழில்."

சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். நின்றிருந்தால் மனம் மாறியிருப்பேன். ஹோலில் இருந்த ஆம்பிளைகள் எனக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள். "இருங்கோ அண்ணை," என்றார்கள். நான் அவர்களைக் கடந்து குசினிக்குள் போய், அக்காவின் சமையல் துணி ஒன்றை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கத்தியைத் தேடினேன்.

வெங்காயம் ஆறு கிலோவையும் எவ்வளவு நேரத்தில் முடித்தேன் என்று சொன்னால் பெருமை பேசுகிறான் என்பீர்கள். அக்கா வாசல்நிலையில் சாய்ந்து நின்று பார்த்தா. முதலில் பிழை பிடிக்கத்தான் நின்றா. "உள்ளியை இப்பிடியோ வெட்டுறது?" என்றா. பிறகு நான் கோழியைத் துண்டு போட்டதையும், கத்தரிக்காயைச் சீவியதையும், மூன்று அடுப்பையும் ஒன்றாக ஓட்டியதையும் பார்த்துக்கொண்டே நின்றா. நான் கையால் என்ன செய்து பிழைத்தேன் என்பதை அக்கா அன்றைக்குத்தான் கண்ணால் கண்டா. "எனக்கு ஒரு வேலையும் இல்லையோடா?" என்று கேட்டா. இல்லை என்றேன். என் வாயில் இருந்து அந்தச் சொல் இவ்வளவு சுலபமாக வந்ததைக் கேட்டு எனக்கே ஆச்சரியம். அக்கா கொஞ்ச நேரம் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டு வெளியே போனா.

நான் பாட்டுக்குச் சமைத்தேன். வியர்த்து வழிந்தது. ஹோலில் இருந்து ஒருவர் வந்து, தேத்தண்ணி கிடைக்குமா என்று கேட்டார். கேத்திலைக் காட்டினேன். ஒருவர் அப்பளம் பொரிக்கவா என்றார், எண்ணெயைக் கொடுத்தேன். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு பதினெட்டுப் பேருக்கும் சாப்பாடு தயார். கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, வறை, சொதி. முதல் சோற்றுக் கோப்பையை மனைவிக்குப் போட்டேன். கோழியில் அவளுக்குப் பிடித்த துண்டு எது என்று யோசித்தேன். தெரியவில்லை. ஆளுக்கு ஆள் போட்டுவிட்டு மிஞ்சியதைத்தான் அவள் எப்போதும் சாப்பிட்டிருக்கிறாள். எனக்குக் குற்ற உணர்வாக இருந்தது. மூன்று விதத் துண்டும் வைத்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மடக்குக் கதிரை வெறுமையாக இருந்தது. நாயும் இல்லை, இத்தாலிக்கார அம்மாவும் இல்லை. கம்பிங்காரின் கதவைத் திறந்தேன். கொளுக்கியில் கைப்பை இல்லை.

கோப்பையை எங்கே வைத்தேன் என்று ஞாபகம் இல்லை. கட்டியிருந்த துணியோடு, வெறுங்காலோடு, வீதியைக் கடந்து நிலையத்துக்குள் ஓடினேன். ஒரு ரயில் அப்போதுதான் வளைவில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. மேடையில் ஒருவரும் இல்லை. என் தொலைபேசி அக்காவின் குசினி மேசையில். நான் அங்கிருந்த மரவாங்கில் உட்கார்ந்தேன். அவ்வளவு வெங்காயம் உரிக்கும்போது வராத கண்ணீர் அப்போது வந்தது, மறைக்க ஒன்றுமில்லை. இவ்வளவும் செய்தும் போய்விட்டாளே என்ற கோபம் முதலில் வந்தது. ஒரு மத்தியானம் குசினியில் நின்றதற்கே நான் இவ்வளவு கணக்குப் பார்க்கிறேனே என்ற யோசனை அதற்குப் பிறகு வந்தது. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

அப்போது தண்டவாளத்துக்குக் கீழே போகும் சுரங்கப் படிகளில் இருந்து நாய் ஏறி வந்தது. உடம்பெல்லாம் ஈரம். என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்து நின்று ஒரு உதறு உதறியது. எனக்கு முகமெல்லாம் தண்ணீர். அதற்குப் பின்னால் இரண்டு பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தார்கள். என் மனைவி, கைப்பை தோளில். அக்கா, முழங்கால் வரை நனைந்த சேலை. இருபத்திரண்டு வருடம் அந்தக் கடலுக்கு எதிரே குடியிருந்த என் அக்கா, தலைமயிர் கலைந்து, நான் சின்ன வயதிலும் காணாத ஒரு சிரிப்போடு நின்றா.

"எங்கை போனனீங்கள்?" என்றேன்.

"கடலுக்கு," என்றாள் மனைவி.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமலோ? உனக்குக் கடல் காட்டத்தானே நான் இவ்வளவு தூரம் ஓடி வந்தனான்!"

அவள் என் இடுப்பில் கட்டியிருந்த துணியையும், மஞ்சள் பிடித்த கையையும், ஈர முகத்தையும் ஆறுதலாகப் பார்த்தாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

"நீங்கள் குசினியிலை வேலையா நிண்டியள். ஏன் குழப்புவான் எண்டு நாங்கள் போயிட்டு வந்தம்."

அக்கா தலையைக் குனிந்து சேலையைப் பிழிந்தா. மனைவி பக்கத்தில் வந்து, தன் முந்தானையின் காய்ந்த பக்கத்தால் என் முகத்தைத் துடைத்தாள். அதில் உப்பு மணந்தது.

"அழாதேங்கோ," என்றாள். "நாளைக்கு உங்களையும் கூட்டிக்கொண்டு போறன்."